ரின்னில் வராதவை

விசுவமடு

அன்புள்ள பெறாமகனுக்கு,

வீட்டிலேயே கறுப்பு பியர் போட்டுப் பார்க்கப் போவதாக எழுதி, அதற்கான பாணி ரின்களில் எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவில் 19 வயதைக் கடந்தவன் நீ. விற்பனைக்கு இல்லாமல் சொந்தப் பாவனைக்குப் பியர் போடக் கனடாவில் தடையில்லை. இலங்கையில் நிலைமை வேறு. 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் செய்வது குற்றம். கசிப்புக்காரனின் பரலும் உன் வாளியும் அந்தச் சட்டத்துக்கு ஒன்றுதான். ஆகவே இதில் எழுதுவதெல்லாம் ரொறன்ரோவில் இருக்கும் உனக்கு மட்டும். லீவில் வரும்போது ஒரு ரின்னைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடாதே.

எந்த ரின் என்ற கேள்விக்கு நான் பெரிய முக்கியத்துவம் கொடுக்கமாட்டேன். ஒரே ரின்னை இரண்டு பேர் வாங்கி, ஒருவர் ஸ்ரவுட் என்ற நல்ல கறுப்பு பியரும் மற்றவர் புளித்த கறுப்புத் தண்ணீரும் எடுப்பது இந்தப் பொழுதுபோக்கில் சாதாரண விஷயம். வித்தியாசம் ரின்னுக்கு வெளியே இருக்கிறது: பாத்திரத்தின் சுத்தம், முதல் சில நாட்களின் வெப்பநிலை, போத்தலில் அடைக்குமுன்னும் பின்னும் காக்கும் பொறுமை. இந்த மூன்றையும் எந்தக் கொம்பனியும் ரின்னில் அடைத்துத் தர முடியாது. மற்றதெல்லாம் அவர்கள் செய்து முடித்ததுதான். பார்லியை ஊறவைத்து, முளைவிடச் செய்து, உலர்த்தி மோல்ற்றாக்கி, அதில் ஒரு பங்கைக் கோப்பிக் கொட்டை போலக் கறுக்க வறுத்து, சுடுநீரில் இனிப்பை இறக்கி, ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, பாணியாக வற்றவைத்திருக்கிறார்கள். அடிலெய்டில் 1862 இல் தொடங்கிய கூப்பர்ஸ் மதுச்சாலையின் ஸ்ரவுட் ரின்னை எடுத்துக்கொண்டால், 1.7 கிலோ பாணியும் மூடிக்கடியில் ஒரு சிறு பக்கற் ஈஸ்ற்றும் இருக்கும். இங்கே பள்ளிக்கூடத்தில் மதுவம் என்று படிப்பித்தார்களே, அதுதான். 23 லீற்றருக்கு அது போதும். வாங்கும்போது பெயரைவிடத் திகதியைப் பார். பழைய ரின்னில் பாணியின் சுவை மங்கும், பக்கற்றிலுள்ள மதுவமும் பலவீனப்பட்டிருக்கும்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனித் தடை உண்டு என்று நினைக்கிறேன். நொதித்தல் என்றதும் நம் மனதில் வருவது கள். சீவிய பாளையிலிருந்து முட்டிக்குள் சொட்டும்போதே கள் நொதிக்கத் தொடங்கிவிடுகிறது. யாரும் மதுவம் போடுவதில்லை. காற்றிலும் பாளையிலும், முந்திய நாள் கள்ளின் ஈரம் ஊறிய முட்டியின் உட்சுவரிலும் இருப்பவை தாமாகவே வேலையைத் தொடங்குகின்றன. காலையில் இறக்கிய கள் மாலைக்குள் வேகமேறிவிடும், அடுத்த நாள் புளித்துவிடும், மேலும் விட்டால் வினாகிரிதான். மதுவத்தோடு அமிலம் செய்யும் பக்ரீரியாக்களும் சேர்ந்து குடியேறுவதுதான் காரணம். இதைக் கள்ளின் குறை என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு இறக்கி அன்றைக்கே தவறணையில் முடிகிற பானத்துக்குப் புளிப்பு ஏறும் நேரமே கிடைப்பதில்லை. ஆனால் பியர் இரண்டு கிழமை வாளியிலும் ஒரு மாதத்துக்கு மேல் போத்தலிலும் கிடக்கவேண்டியது. கள்ளுக்கு வாய்க்காத அந்த நேரம் முழுவதும் பக்ரீரியாவுக்கு வாய்க்கும். ‘எங்கட ஆக்கள் மருந்து போட்டா முட்டி கழுவினவை?’ என்று உன் நண்பர்கள் கேட்டால் இதைச் சொல். கருப்பநீர் இறக்குகிறவர் அதே முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசுகிறார். அந்தக் காரத்தில் மதுவமும் பக்ரீரியாவும் அடங்கிவிடுவதால்தான் இனிப்பு நிற்கிறது, அதைக் காய்ச்சிப் பனங்கட்டி எடுக்க முடிகிறது. கள்ளைப் போத்தலில் அடைத்து நாள்கணக்கில் விற்கவேண்டுமானாலும் சூடாக்கித்தான் ஆகவேண்டும். ஒன்றை வைத்திருக்க வேண்டுமென்றால் அதற்குள் என்ன வாழலாம் என்று தீர்மானிக்க வேண்டும் என்பது நம் சீவல் தொழிலாளருக்கும் தெரிந்த விஷயம்தான்.

ஐரோப்பாவின் பெரிய மதுச்சாலைகளே இதை விளங்கிக்கொள்ள நெடுங்காலம் எடுத்தன. நல்ல பார்லி, நல்ல ஹொப்ஸ், தலைமுறை அனுபவம் எல்லாம் இருந்தும் வாளி வாளியாகப் பியர் கெட்டது. லூயி பாஸ்ரர் 1876 இல் பியரைப் பற்றித் தனி நூலே எழுதி, கெட்ட பியருக்குள் வேண்டாத நுண்ணுயிர்கள் இருப்பதைக் காட்டினார். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் எமில் ஹான்சன் 1883 இல் ஒற்றைக் கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்தெடுத்தார். நிலைமை மாறியது அதற்குப் பிறகு. உன் ரின்னின் மூடிக்கடியில் இருக்கும் பக்கற் அந்த வேலையின் தொடர்ச்சி. அதைப் பிரித்துக் கொட்டுவதற்குமுன் வாளியில் வேறு யாரும் குடியிருக்கக்கூடாது என்பதே உன் பொறுப்பு.

சுத்தம் என்பதில் இரண்டு வேலை அடங்கியிருக்கிறது. அழுக்கை அகற்றுவது ஒன்று, கிருமியை அழிப்பது மற்றொன்று. அழுக்கு இருக்கும் இடத்தில் கிருமிநாசினி சரியாக வேலை செய்யாது, ஆகவே வரிசை மாறக்கூடாது. வாளியை மெல்லிய துணியால் கழுவு. உரஞ்சும் நாரால் தேய்த்தால் பிளாஸ்ரிக்கில் கீறல் விழும், கீறலுக்குள் பக்ரீரியா ஒளிந்துகொள்ளும். சவர்க்காரத்தின் எச்சம் நுரையைக் கெடுப்பதால் நன்றாக அலசு. பிறகு மதுச்சாலைச் சாமான் கடைகளில் விற்கும், மீண்டும் அலசத் தேவையில்லாத கிருமிநாசினியால் வாளி, மூடி, குழாய், கரண்டி எல்லாவற்றையும் நனை. வீட்டுத் துணி வெளுக்கும் புளீச்சைப் பாவிக்காதே. குளோரின் சிறிது தங்கினாலும் பியரில் ஆஸ்பத்திரி மணம் வந்துவிடும். அதே காரணத்துக்காக உங்கள் குழாய்த் தண்ணீரையும் கவனிக்கவேண்டும். ரொறன்ரோ நகரம் தண்ணீரில் குளோரமைன் சேர்க்கிறது. குளோரினைப் போல அது திறந்து வைத்தால் பறந்துவிடாது, கொதிக்கவைத்தாலும் இலேசில் போகாது. கம்ப்டன் மாத்திரை என்று விற்பதில் பாதியைப் பொடியாக்கி 23 லீற்றர் தண்ணீரில் கரைத்துவிட்டால் போதும்.

அடுத்தது வெப்பநிலை. இதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 1849 இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் மதுச்சாலை தொடங்கினார். 1,800 மீற்றருக்கு மேலே மலையில் பியர் செய்ததற்கு அங்கிருந்த குளிரும் ஊற்றுநீரும் கைகொடுத்தன. இயந்திரக் குளிரூட்டல் எங்கும் கிடைக்கத் தொடங்கிய பின்னர் அந்த மலை தேவைப்படவில்லை. லயன் கொம்பனியின் மதுச்சாலை 1990களில் கொழும்புக்கு அருகே பியகமவுக்கு இறங்கியது. பிரித்தானியப் பியர் எழுத்தாளர் மைக்கல் ஜாக்சன் உலகத்துக்கு எடுத்துச் சொன்ன லயன் ஸ்ரவுட் அந்தப் பரம்பரையில் வந்ததுதான். சட்டத்தை விடு, விசுவமடுவின் சித்திரை வெயிலில் ஒரு ரின்னைக் கரைத்து வைத்தால் வெப்பமே அதைக் கெடுத்துவிடும். சூட்டில் மதுவம் அவசரப்பட்டு வேலை செய்யும், அந்த அவசரத்தில் வாழைப்பழ மணமும் தொண்டையை எரிக்கும் கடும் அற்ககோல்களும் உண்டாகும். ரின் தாளில் 27 பாகை வரைக்கும் பரவாயில்லை என்று போட்டிருக்கலாம். அதைப் பொருட்படுத்தாமல் 18 இலிருந்து 20 பாகைக்குள் வைத்துக்கொள். நொதித்தல் தானே வெப்பம் தருவதால் வாளிக்குள் அறையைவிட இரண்டு மூன்று பாகை கூடுதலாக இருக்கும். உங்கள் பேஸ்மென்ற் குளிர்காலத்தில் 16, 17 பாகையில் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. முதல் மூன்று நாட்கள்தான் முக்கியம், சுவையின் பெரும்பகுதி அதற்குள் எழுதப்பட்டுவிடும்.

ஏன் கறுப்பு, வெளிர் பியரில் தொடங்கக்கூடாதா என்று கேட்கலாம். கறுப்பே புதியவருக்கு நல்லது என்பது என் கணிப்பு. வறுத்த பார்லியின் கோப்பி, கருகல் சுவை சிறு குறைகளை மூடிவிடும். மஞ்சள் லாகரில் மறைக்க எதுவுமில்லை, தவிர அதற்கு இன்னும் குளிரான நொதிப்பும் வேண்டும். 1817 இல் லண்டனில் டானியல் வீலர் உருளையில் வைத்து மோல்ற் வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பின்னர்தான் கொஞ்சம் கறுப்பு மோல்ற்றால் முழுப் பியரையும் கறுப்பாக்க முடிந்தது. ஆனால் வறுவல் புளிப்பை மூடாது. அழுக்கு வாளியையும் மூடாது.

செய்முறை ஒரு மாலை வேலை. ரின்னைச் சுடுநீரில் கொஞ்சநேரம் நிறுத்தினால் பாணி இளகும். இரண்டு லீற்றர் கொதிநீரில் அதையும், சேர்க்கச் சொல்லும் இனிப்பையும் கரை. ஒரு கிலோ வெள்ளைச் சீனியை அப்படியே கொட்டாதே. சீனி முழுவதும் நொதித்துவிடும், உடம்பில்லாத தண்ணிப் பியர்தான் மிஞ்சும். பாதிக்காவது மோல்ற் மாவைப் போடு. குளிர்நீர் விட்டு 23 லீற்றராக்கும்போது உயரத்திலிருந்து ஊற்றி நுரைக்கவிடு, தொடக்கத்தில் மதுவத்துக்கு ஒட்சிசன் வேண்டும். 20 பாகைக்கு வந்ததும் மதுவத்தைத் தூவி மூடு. அதற்குப் பிறகு காற்றுப் படும்படி ஊற்றுவதோ கலக்குவதோ கூடாது, பியரில் பழைய காகித வாடை வரும். இனி எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் வேலை.

பொறுமை என்பதை நான் குணமாகச் சொல்லவில்லை, பாதுகாப்பாகச் சொல்கிறேன். மூடியில் குமிழி நின்றதால் நொதித்தல் முடிந்துவிட்டதாக நினைப்பதே இதிலுள்ள ஆபத்தான தவறு. பியரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீற்றர் என்ற சிறு கண்ணாடிக் கருவி வாங்கு. தொடக்கத்தில் அது 1.042 போல் காட்டும், முடிவில் 1.012 அளவில் நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 3.9 வீதம் அற்ககோல். இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த அளவு மாறாமல் இருந்தால் மட்டும் போத்தலுக்குப் போ. மீதி இனிப்போடு அடைத்தால் உள்ளே வாயு ஏறிக் கண்ணாடிப் போத்தல் வெடிக்கும், கண்ணையே பறிக்கக்கூடிய வெடிப்பு அது. முதல் முறைக்குப் பிளாஸ்ரிக் போத்தலே நல்லது, எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கையால் அமத்திப் பார்க்கலாம். நுரைக்காக லீற்றருக்கு 6 கிராம் சீனி போதும். இரண்டு கிழமை அறைச் சூட்டில், பிறகு ஒரு மாதம் குளிரான இருட்டில். அதற்குமுன் திறந்து பார்த்து ‘இது சரியில்லை’ என்று தீர்ப்புச் சொல்லாதே. கறுப்பு பியரின் கரகரப்பு காலம் போகத்தான் அடங்கும்.

‘ரின்னில் செய்தால் அது சொந்தப் பியரா?’ என்று கேட்பார்கள். மா அரைக்காமல் கடையில் வாங்கிப் பிட்டு அவிப்பவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. பார்லியிலிருந்தே தொடங்குவது உயர்ந்த வேலைதான், ஆனால் சுத்தமும் சூடும் கைக்கு வராதவர் அங்கே போனால் கெடுப்பதற்கு இன்னும் பல படிகள் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. கடையில் வாங்குவது மலிவில்லையா என்றால், ஒரு ரின் கிட்டத்தட்ட 28 பெரிய போத்தல் தரும், கணக்கை நீயே போட்டுப்பார். ‘வீட்டுச் சாராயம் குடித்தால் கண் போகும்’ என்ற பயம் வேறு. அது கசிப்பையும், தொழிற்சாலை மெதனோல் கலந்த கள்ளச் சாராயத்தையும் பார்த்து வந்த நியாயமான பயம். பார்லியை நொதிக்கவைப்பதில் மெதனோல் கணக்கில் எடுக்கும் அளவுக்கு உண்டாவதில்லை. காய்ச்சி வடிப்பது வேறு தொழில், திக்கம் வடிசாலை போன்ற இடங்களில் அனுமதியோடு நடக்கவேண்டியது. அதை வீட்டில் முயலாதே. கனடாச் சட்டமும் அதற்கு இடம் தராது.

எனக்குப் பதில் சொல்லக் கடினமான ஆட்சேபம் உன் அம்மாவுடையதாக இருக்கும். வன்னியில் குடி எத்தனை வீடுகளின் அடுப்பை அணைத்திருக்கிறது என்பதைத் தெரிந்தவர் ‘பொடியனுக்கு ஏன் இதைச் சொல்லிக் கொடுக்கிறாய்?’ என்று கேட்டால், அவர் பிழை என்று என்னால் சொல்ல முடியாது. மெதுவாகச் செய்யும் பியர் ஆளை மெதுவாகக் குடிக்கவைக்கும் என்பார்கள், அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அறையில் 28 போத்தல் அடுக்கியிருப்பது, பழக்கம் பிடிக்கக்கூடிய ஒருவருக்கு நல்லதல்ல. போத்தல்களைப் பகிர்ந்துகொள்ள ஆட்களைத் தொடங்குமுன்னே பார்த்துவை. கிழமைக்கு இத்தனை என்று நீயே எண்ணிவைத்து அதைத் தாண்டாமல் இருக்க முடியாவிட்டால் இந்த வேலையைத் தொடாதே.

முடியுமென்றால் இந்த மார்கழிக் குளிரில் தொடங்கு. ரின்னுக்கு முதல் ஹைட்ரோமீற்றரையும் ஒரு வெப்பமானியையும் வாங்கு. ஒவ்வொரு நாளும் பாகையையும், எடுக்கும்போது அளவையும் ஒரு கொப்பியில் எழுதிவை. போத்தலில் அடைக்குமுன் கடைசி இரண்டு அளவையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா