கேமராக் கண்ணும் பனியன் துணியும்

கே: துணியில் உள்ள குறையைக் கேமராவே கண்டுபிடிக்கும் என்கிறார்கள். நாலு நிட்டிங் மெஷின் ஓட்டும் எனக்கு அதனால் என்ன பிரயோஜனம்? – வாசகர், திருப்பூர்

ப: ஊசி ஒன்று முறிந்தால் துணி நெடுகக் கோடு விழும். ரோலை இறக்கி, வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கும்போதுதான் அது தெரிகிறது. அதற்குள் நூல் போனது போனதுதான்! மெஷினுக்குள்ளேயே கேமரா இருந்தால் கோடோ ஓட்டையோ தெரிந்ததுமே மெஷினை நிறுத்திவிடலாம். போர்ச்சுகலின் ஸ்மார்ட்டெக்ஸ் நிறுவனம் வட்டப் பின்னல் மெஷின்களுக்கு இப்படித்தான் கேமரா பொருத்துகிறது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்து, விழித்திரைப் படத்தில் சர்க்கரை நோயின் பாதிப்பைக் கண்டறிய கூகுள் உருவாக்கிய மென்பொருளும், படத்தைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடிக்கும் இதே வித்தைதான்.

முதலில் ஒரே மெஷினில் கேமராவை மாட்டி, அதன் கழிவை மற்ற மூன்றோடு எடைபோட்டுப் பாருங்கள். டெமோ காட்ட வருபவரிடம் கறுப்புத் துணியை நீட்டுங்கள். வெள்ளையில் எல்லாக் கேமராவும் சூரப்புலிதான்.