ஏர் ரைஃபிள் விசை நழுவுகிறதா?

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துத் திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போடுபவர்கள், கூட்டம் சேருமுன் ரைஃபிளின் விசையைச் சோதிப்பது நல்லது. குழலில் குண்டு இருக்கக் கூடாது.

மடக்கிய குழல் நிற்காமல் நழுவினாலோ, விரல் பட்டதுமே வெடித்தாலோ உள்ளே பிஸ்டனைப் பிடிக்கும் கொக்கி தேய்ந்திருக்கலாம். அல்லது புதிதாக மாட்டிய விசை என்றால், அதன் திருகு அளவுக்கு மீறி முடுக்கப்பட்டிருக்கலாம். திருகைப் பழைய நிலைக்குத் தளர்த்திப் பார்க்கலாம். அப்படியும் நழுவினால் அந்த ரைஃபிளை ஓரம் வைத்துவிட வேண்டும். கொக்கியை அரத்தால் ராவவே கூடாது, கடினப்படுத்திய மேற்பரப்பு போய்விடும்.

விசை கனத்தால் பெரும்பாலும் புழுதியும் காய்ந்த எண்ணெயும்தான் காரணம்.

4.5 மி.மீ. குண்டு போடும்போது குழலை மறுகையால் இறுகப் பிடித்திருக்க வேண்டும். திடீரென மூடினால் விரல் நசுங்கும்.

ஏர் ரைஃபிள் அல்லாத தோட்டாத் துப்பாக்கி என்றால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றவரிடமே பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டும்.