லயத்துப் பாட்டு

அன்புக் கண்ணு,

நீ அனுப்பிய மூன்று பாட்டையும் நேற்று ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். "காலேஜ் பாஸ்கெட்பால் டீமை விட்டுடட்டுமா மாமா, பாட்டுல உட்காரணும்" என்று கேட்டிருந்தாயே, அதுவும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

சின்தசைசர் உன் கைக்குப் படிந்துவிட்டது. ஃபில்டரை மூடிக் கூர்மையை மழுக்குவது, டிரம் மெஷினை நிதானமாக ஓட்டுவது, குரலை எதிரொலிக்குள் தள்ளி வைப்பது எல்லாம் டெபெஷ் மோட் போன்ற குழுக்கள் 1980-களில் காட்டிய வழி. அதை நன்றாகவே படித்திருக்கிறாய். ஆனால் மூன்று பாட்டிலும் பெய்வது இங்கிலாந்து மழை. மூணாறு எஸ்டேட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த மழை எதற்கு?

நீங்கள் குடியிருக்கும் வீட்டு வரிசைக்கு லயம் என்று பேர். தாளக்கட்டுக்கும் அதே பேர்தான். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களோடு 70 பேரைக் கொண்டுபோனது. எல்லாம் தேயிலைத் தோட்டத்து நம் சனம். அதற்கப்புறம் பல நாள் உங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை என்று உன் அம்மா சொன்னாள். உன் பாட்டுக்கு வேண்டிய இருட்டு அந்தப் பேசாமையில் இருக்கிறது. தகரக் கூரையில் விழும் மழையை போனில் பதிவு செய்து, அதிலிருந்து உன் தாளத்தைக் கட்டு. நீ மைனர் ஸ்கேல் என்கிறாயே, அதே சுரங்கள்தான் நம் நடபைரவி. ஒரு கமகம் விழுந்தாலே பாட்டு ஊர் வந்து சேரும். ஒன்று மட்டும்: செத்தவர்களைப் பாட்டுக்கு அலங்காரமாக்காதே.

கேரள எல்லையோரத்துத் தமிழ்ப் பாட்டை யார் கேட்பார்கள் என்கிறாய். எம்.எஸ்.விஸ்வநாதன் 1928-ல் பிறந்த எலப்புள்ளி, எங்கள் பாலக்காட்டுப் பக்கத்து ஊர். உங்கள் மலைக்குக் கிழக்கே இறங்கினால் பண்ணைப்புரம். அந்த ஊர்ப் பாவலர் வரதராசன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தல் பிரசாரத்தில் உங்கள் தோட்டங்களில் பாடினார். அவர் குழுவில் பதின்ம வயதிலேயே சேர்ந்து ஊர் ஊராகப் போனவர் தம்பி இளையராஜா. 1986-ல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு விஸ்வநாதனும் இளையராஜாவும் சேர்ந்து இசையமைத்தார்கள். அதே வருஷம் 'புன்னகை மன்னன்' படத்தில் கணினியில் கோத்த மின்னிசையை இளையராஜா தந்தார். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிறந்தவர்கள்தான் கண்ணு, தமிழ்நாட்டுக்கே பாட்டுக் கொடுத்தார்கள்.

இப்போது பந்து. கோட்டயத்துக்காரரான கீது அன்னா ஜோஸ் முதலில் வாலிபால் ஆடியவர். பாஸ்கெட்பாலுக்கு மாறி, ஆஸ்திரேலியா போய்க் கிளப் அணியில் ஆடினார். 2011-ல் அமெரிக்காவின் மகளிர் பாஸ்கெட்பால் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் மூன்று அவரை வரவழைத்துத் திறமையைப் பார்த்தன. இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்து இந்தியாவுக்காக ஆடிக்கொண்டே இருந்தார். 2014-ல் அர்ஜுனா விருது வந்தது. கிடைக்காததற்குப் பிறகும் மைதானத்துக்கு வந்தாரே, அதைத்தான் நீ பார்க்க வேண்டும்.

ஏன் சொல்கிறேன் தெரியுமா? உன் மூன்று பாட்டும் முக்கால்வாசியில் நிற்கின்றன. ஆட்டத்தில் நாலாவது குவார்ட்டரை விட்டுவிட்டு வெளியே வருவாயா? மூச்சு வாங்கினாலும் கடைசி விசில்வரை ஓடுகிறாய். 3.05 மீட்டர் உயரத்து வளையம் உனக்காகத் தாழ்ந்து வராது. நூறு தடவை எறிந்துதான் கை பழகுகிறது. அந்தப் பழக்கம்தான் உன் பாட்டுக்கு இன்னும் வரவில்லை. அதைச் சொல்லித்தருகிற இடத்தை விட்டுவிட்டுப் பாட்டில் உட்கார்ந்தால், முடியாத பாட்டுகள்தான் பெருகும்.

அதனால் டீமில் இரு. சாயங்காலம் மைதானம், ராத்திரி ஒரு மணி நேரம் பாட்டு. புதுசாக எதையும் தொடங்காமல் ஒரே ஒரு பாட்டை முடி. முடித்ததும் முதலில் உன் அம்மாவுக்குப் போட்டுக்காட்டு. அவள் அதில் தன் லயத்து மழையைக் கேட்டுவிட்டால், அப்புறம் தயங்காமல் ஊருக்கெல்லாம் அனுப்பு.

உன் மாமா,
கொழிஞ்சாம்பாறை