கோடை விடுமுறையும் கற்ற கல்வியும்

ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக் கதவு அடைபட்டதும் மாணவர் உள்ளத்தில் எழும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. அம்மகிழ்ச்சியைக் குறை கூறுதல் பொருந்தாது. பல திங்கள் உழைத்த உடலும் உள்ளமும் ஓய்வை விரும்புதல் இயல்பே. கடுங்கோடையிலும் பிள்ளைகளை ஓர் அறையில் அமர்த்தி அடுத்த வகுப்புப் பாடங்களை நடத்துவாரும் உளர்; அச்செயல் எமக்கு உடன்பாடன்று. ஆயினும், ஓய்வு வேறு. கற்றதை நழுவ விடுதல் வேறு. அறுவடை முடிந்த நிலத்தை உழவர் கோடையில் வாளா விட்டிருப்பினும், ஒரு மழை பெய்தவுடன் ஏர் பூட்டி உழுது விடுவர். மண் இறுகிப் போகாதிருத்தற்கே அவர் அவ்வாறு செய்கின்றனர்.

மறதி எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அறிஞர் ஆராய்ந்துள்ளனர். ஜெர்மானிய நாட்டு ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்பார் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்துணைக் காலத்தில் எவ்வளவு மறக்கின்றார் என்பதைத் தம்மிடமே சோதித்து, 1885-இல் நூலாக வெளியிட்டார். மறதி தொடக்கத்தில் விரைந்தும் பின்னர் மெதுவாகவும் நிகழும் என்பதும், மறந்ததை மீண்டும் கற்பதற்கு முதன்முறை வேண்டிய அளவு காலம் வேண்டுவதில்லை என்பதும் அவர் கண்ட உண்மைகள். அமெரிக்க நாட்டில் ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்ந்தோரும் 39 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, கோடை விடுமுறையில் மாணவர் ஏறத்தாழ ஒரு திங்கட் கல்வியை இழக்கின்றனர் என 1996-இல் எழுதினர். பொருள் உணர்ந்து கற்றவை எளிதில் அழிவதில்லை. கணக்குச் செய்யும் முறையும் எழுத்துக்கூட்டலுமே மிகுதியும் மறக்கப்படுகின்றன. கை பழகியதைக் கை மறக்கின்றது என்க. வாசிப்பில் மற்றொன்றும் கண்டனர். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடையே உள்ள தொலைவு விடுமுறையில் விரிகின்றது. இதுவே நாம் கவலை கொள்ளத்தக்க செய்தி.

யான் ஆசிரியப்பணி ஆற்றிய சிற்றூரில் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கோடை முழுவதும் ஆடு மேய்த்தான். ஏப்ரலில் பிறர்க்கு வகுத்தற் கணக்கைச் செய்து காட்டிய அவன், ஜூனில் கரும்பலகை முன் வந்து நின்று, அடுத்த இலக்கத்தை இறக்கி எழுத அறியாது திகைத்தான். வகுப்பு நகைத்தது. மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவன் அன்னை கையைப் பற்றி அழைத்து வந்தார். அவர் வாராதிருந்தால் அவன் படிப்பு அன்றே முடிந்திருக்கும். அடுத்த கோடை வந்தபோது, ஆடுகள் நிழலில் படுத்திருக்கும் வேளையில் மேய்ச்சற் கோலால் மண்ணில் நாளொன்றுக்கு நான்கு கணக்கு எழுதுமாறு அவனிடம் கூறினேன். ஏடும் எழுதுகோலும் அதற்கு வேண்டியதில்லை. அவ்வாண்டு ஜூனில் அவன் எவர் முன்னும் திகைக்கவில்லை.

மண்ணில் எழுதுதல் நம் நாட்டுப் பழைய வழக்கமே. 1789-இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்பார், நம் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். கற்ற சிறுவரைக் கொண்டே மற்றையோர்க்குக் கற்பிக்கவும் செய்தார். அவர் 1797-இல் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியே, 'சென்னை முறை' என்னும் பெயரால் அது இங்கிலாந்திலும் பரவியது. மாணவர்களே! உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ நாள்தோறும் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் எதை மறந்தீர்கள் என்பதை அவர்கள் கேட்கும் வினாவே காட்டிவிடும். பவணந்தி முனிவரும் நன்னூற் பாயிரத்தில், கேட்டதை நினைத்துப் பார்த்தலையும் உடன் பயில்வாரோடு வினாவியும் விடை கூறியும் பழகுதலையும் மாணவர்க்கு உரியனவாகக் கூறியுள்ளார்.

கணக்குக்குக் கோடையே தக்க காலம். நுங்கு வெட்டுகின்றார்கள். குலைக்கு 12 காயாக 4 குலை, காய்க்கு 3 சுளை, சுளைகள் எத்தனை? 144 என்பீர்கள். அவற்றுள் 9 காய்களில் இரண்டிரண்டு சுளைகளே இருந்தால்? 135. வீட்டார் ஐவர்க்கும் பகிர்ந்தால் ஆளுக்கு 27. தின்பதற்கு முன் மனத்திலேயே செய்க! அந்நாளைய திண்ணைப் பள்ளியில் மாலைதோறும் ஒருவன் சொல்ல ஏனையோர் எண்சுவடியை உரக்கச் சொல்லி வந்தனர். இக்காலத்தார் சிலர் அதனை வெறும் கூச்சல் என்பர்; அக்கூச்சலில் வளர்ந்த முதியோர் கடையில் தாள் தேடாது கணக்கு முடிப்பதை அன்னார் கண்டதில்லை போலும்.

வாசிப்பதற்கு நூல் வேண்டும். 1948-இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின் பயனாகக் கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் பல ஊர்களில் உள. நூலகம் எட்டாத ஊரில் நாளிதழ் போதும். கண் மங்கிய பாட்டிக்கு அதனை உரக்கப் படித்துக் காட்டுங்கள். லகர ளகர ழகரங்களைப் பிழையின்றி ஒலித்தாலன்றி அவர் விடமாட்டார்; "என்ன சொன்னாய், இன்னொரு முறை படி" என்பார்.

எழுதுவதற்குச் சென்ற ஆண்டுக் குறிப்பேடுகளின் பின்புறம் எழுதாத தாள்கள் இருக்கும். அவற்றைப் பிரித்தெடுத்து ஊசி நூலால் ஒன்றாகத் தைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், அதற்கு ஒதுக்கினால் போதும். ஒருநாள் அத்தைக்கு ஒரு கடிதம், மற்றொரு நாள் சந்தைக் கணக்கு, பிறிதொரு நாள் கிணற்றில் நீர் எத்தனை படி இறங்கிற்று என்னும் செய்தி என எழுதி வருக. பள்ளி திறக்கும் நாளில் அவ்வேட்டை ஆசிரியரிடம் காட்டுங்கள்.