பந்தி ஒன்று, தட்டு பல

தாமிரபரணிக் கரையில் மாணவர் சாப்பாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சேரன்மாதேவியைத் தாண்டிப் போக முடியாது. வ.வே.சு. ஐயர் 1922இல் அங்கே குருகுலம் தொடங்கினார். அதற்கு 10,000 ரூபாய் தருவதாகச் சொன்ன தமிழ்நாட்டுக் காங்கிரஸ் முதலில் 5,000 கொடுத்தது. பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனிப்பந்தி நடக்கிறது என்ற செய்தி வெளியே வந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்துக் கிளம்பினார்கள். மாகாணக் காங்கிரசே இரண்டுபட்டது. 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில், தண்ணீரில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டார். அதே ஆண்டு நவம்பரில் பெரியார் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டிலிருந்து வெளியேறினார். உடனடிக் காரணம் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம்தான் என்றாலும், கசப்பு சேரன்மாதேவிப் பந்தியிலேயே முளைத்துவிட்டது.

பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி மெஸ் ஒன்றில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் தனித்தனி வாசல், தனித்தனி கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். 2023இல் மும்பை ஐஐடியில் சைவ மேசை ஒதுக்கப்பட்டது. அதை எதிர்த்ததற்காக ஒரு மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம்.

அவரவர் உணவுப் பழக்கத்தை மதிப்பது வேறு, ஆளைப் பிரித்து உட்கார வைப்பது வேறு. தட்டில் தீர்க்க வேண்டியதை வாசலில் தீர்க்கப் போனால் வம்புதான்.

சீவலப்பேரியிலிருந்து பாளையங்கோட்டைப் பக்கம் பஸ் ஏறி, ஒரு கல்லூரி விடுதியில் மெஸ் கணக்கு பார்த்து வந்தேன். அங்கே முதலில் கண்ணில் பட்டது சேர்க்கைப் படிவம். சைவமா, அசைவமா என்று ஜூன் மாதம் ஒரே ஒரு தடவை கேட்கிறது. நெல்லைச் சீமையில் இந்தக் கேள்விக்கு வருஷம் முழுக்க ஒரே பதில் கிடையாது. தமிழ்நாட்டில் 97 சதவீதத்துக்கும் மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்கிறது 2014ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு. ஆனால் குலசேகரப்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டவன் அந்த நாட்களில் முட்டையைக்கூடத் தொடமாட்டான். அப்புறம் திருச்செந்தூர் சஷ்டி, கார்த்திகையில் ஐயப்ப மாலை, அதற்கப்புறம் தவக்கால வெள்ளிக்கிழமைகள். ரமலானில் மேலப்பாளையத்துப் பையனுக்குச் சாப்பாடு விடியும் முன்னே வேண்டும். படிவத்தை நம்பிக் கோழி வாங்கினால் கார்த்திகையில் பாதி அண்டா மிஞ்சும், மாலை போட்ட பிள்ளை வெறும் ரசச் சோற்றோடு எழுந்து போவான். உணவு வீணாவதும் ஒருவன் பட்டினி கிடப்பதும் ஒரே தப்புக் கணக்கில்தான் பிறக்கின்றன.

அதற்கு மருந்து டோக்கன். நாளைக்கு முட்டையா, காளானா, இரண்டும் வேண்டாமா என்று முந்தின நாள் ராத்திரியே குறித்துப் போட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. காரணம் கேட்டால் அது மதமும் சாதியும் விசாரிக்கிற இடமாகிவிடும். எங்கள் சமையல் மாஸ்டர் சொல்வார்: “எத்தன பேருன்னு ராத்திரியே சொல்லிருங்க அண்ணாச்சி. விடிஞ்சப்புறம் சொன்னா, உலைல போட்ட அரிசிய எடுக்கவா முடியும்?”

சோறும் இட்லியும் ஒரே மூச்சில் செய்து குவிக்க வேண்டியதில்லை. ஈடு ஈடாக இறக்கினால் கடைசி ஈட்டை வந்த கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். முதல் தடவை அரைக் கரண்டி, கேட்டால் மறுபடியும் என்று பரிமாறுகிறவருக்குப் பழக்கிவிட்டாலே எச்சில் வாளி இலேசாகும். ஒரு கிலோ நெல் விளையச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பது சர்வதேச நெல் ஆய்வாளர்களின் கணக்கு. சிற்றாறு தாமிரபரணியில் வந்து விழுகிற சீவலப்பேரியில், கார் சாகுபடிக்கு அணை திறப்பார்களா மாட்டார்களா என்று காத்துக் கிடந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

சூழல் என்றதும் கறியைக் குறை என்பது மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் அறிவுரை. அங்கே அதற்குப் பொருளும் உண்டு. கேம்பிரிட்ஜ் உணவகங்களில் இறைச்சியில்லாத உணவு நாலில் ஒன்றாக இருந்ததை இரண்டில் ஒன்றாக்கியதும் அதன் விற்பனை 40 முதல் 80 சதவீதம் வரை கூடியதாக 2019இல் ஒரு ஆய்வு வந்தது. நம் விடுதியில் கோழி கண்ணில் படுவதே வாரத்தில் ஒன்றிரண்டு நாள். அதையும் பூமியின் பேரைச் சொல்லிப் பறிப்பது நியாயமில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 சதவீதத்தினருக்கு இரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பெண்கள் விடுதியில் கறி, முட்டையில் கை வைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வைக்கட்டும்.

நம் ஊர்ச் சமையலே பாதி வேலையை முடித்துத் தருகிறது. சொதியில் தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறி. பாலும் கோதுமையும் முட்டையும் கிடையாது. தொலி உளுந்தில் பொங்கிய உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் அப்படித்தான். இப்படி எல்லாரும் தொடக்கூடிய ஒன்றைப் பொதுவாக வைத்து, நெய், தயிர், முட்டை, வறுவல் எல்லாவற்றையும் தனிப் பாத்திரத்துக்கு நகர்த்தினால் தனிச் சமையலே அநேகமாகத் தேவைப்படாது.

கண்ணுக்குத் தெரியாமல் நுழைகிறவற்றில்தான் கவனம் வேண்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குச் சாம்பாரில் ஆபத்து இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது. வேர்க்கடலை ஆகாதவனுக்குச் சட்னியில் என்ன அரைத்தது என்று தெரிந்தாக வேண்டும். பத்தோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள உணவகங்கள் ஒவ்வாமைப் பொருட்களைத் தெரிவிக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. விடுதி மெஸ்ஸை யாரும் அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனாலும் ஒரு கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் போதும். இன்சுலின் போடும் மாணவருக்கோ என்ன சாப்பாடு என்பதைவிட எப்போது வரும் என்பதே பெரிய கவலை. குறித்த நேரத்தில் மணி அடித்தாக வேண்டும்.

ரமலானில் விடியும் முன் சாப்பிடுகிற ஸஹர் சாப்பாட்டை ராத்திரியே ஹாட்பாக்ஸில் கட்டி வைத்தோம். சமையல்காரர் தூக்கம் கெடவில்லை. தீர்ந்தது.

சோற்றை வீணாக்கும் விஷயத்தில் மாணவரை மாற்றியது போதனை அல்ல, மெஸ் பில். செலவை எல்லாரும் பங்கிட்டுக்கொள்ளும் டிவைடிங் மெஸ்ஸில், மிச்சம் பிடித்தது அவரவர் பில்லிலேயே குறையும். உலையில் போட்ட அரிசி, வாளியில் விழுந்த சோற்றின் எடை, தலைக்கு ஆன செலவு, மூன்றையும் நோட்டீஸ் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினோம். அடுத்த மெஸ் கமிட்டியில் ஒரு மாணவர் எழுந்து, மிஞ்சிய காசில் மாதம் ஒரு நாள் மீன் குழம்பு வேண்டும் என்றார். மாலை போட்டிருந்தவர்கள் விடவில்லை, அன்றைக்குத் தங்களுக்குக் காளான் என்றார்கள். இரண்டும் நிறைவேறின.