மருத்துவச் செலவுத் தொகையை மீளப் பெற

பௌர்ணமி கிரிவலத்தில் சக ஆசிரியருக்கு நெஞ்சுவலி. அருகிலிருந்த மருத்துவமனையில் சேர்த்தோம். அது காப்பீட்டுப் பட்டியலில் இல்லை என்பது பிறகே தெரிந்தது. கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

மாதம் ரூ.300 பிடித்தத்துடன் 1.7.2021 முதல் நடைமுறைக்கு வந்தது புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். பட்டியலில் உள்ள மருத்துவமனை எனில், அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். பட்டியலில் இல்லாத இடத்தில் அவசரச் சிகிச்சை பெற்றால், நாம் செலுத்திய தொகையை மீளப் பெற விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு அதைப் பரிசீலிக்கும்.

ஆகவே வீடு திரும்பும் முன்பே டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் ரசீதுகள், பரிசோதனை அறிக்கைகள், அவசரச் சிகிச்சைக்கான மருத்துவர் சான்று ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். நகலும் எடுத்து வையுங்கள். நண்பர் கொண்டுவந்த தாள்களில் அந்தச் சான்று மட்டும் இல்லை. அதற்காக உடல் தேறும் முன்பே மீண்டும் அலைந்தார்.