நடுக்கள வீராங்கனை

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் ஏறி எழும்பூரில் இறங்கினால், அவ்வட்டாரத்திலே மேயர் இராதாகிருஷ்ணன் ஆட்டரங்கத்தைக் காணலாம். ஹாக்கி விளையாட்டுக்குப் பெயர்பெற்ற அரங்கு அது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய தென்புறநகர்களில் வாழும் மாணவ மாணவியர் ஒரே ரயிலில் சென்று சேரத்தக்க இடம். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆடவர்க்கான ஆசிய வாகையர் கோப்பைப் போட்டி அங்கே நடைபெற்றது. இந்திய அணி வாகை சூடியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் மகளிர்க்கான அதே போட்டி ஜார்க்கண்டு மாநிலத் தலைநகராகிய இராஞ்சியில் நடந்தது. அங்கும் இந்தியாவே வென்றது. இராஞ்சிப் போட்டியில் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பாராட்டப் பெற்றவர் சலிமா டெட்டே என்னும் நடுக்கள வீராங்கனை.

ஹாக்கியில் ஓர் அணிக்குப் பதினொருவர். ஆடுகளத்தின் நீளம் 91.4 மீட்டர், அகலம் 55 மீட்டர். கோல் அடிக்கும் முன்னணியினரை யாவரும் அறிவர். கோலைக் காப்பவரையும் உலகம் எளிதில் நினைவில் வைத்துக்கொள்கிறது. இவ்விரு திறத்தாருக்கும் இடையே நின்று ஆடுவோரே நடுக்களத்தார். எதிரியிடமிருந்து பந்தைப் பறிப்பதும், தகுந்த இடத்தில் நிற்கும் துணையாட்டக்காரரிடம் அதைச் சேர்ப்பதும் அவர்கள் கடமை. தாக்கும்போது முன்னே ஓட வேண்டும்; பந்து கைமாறிய மறுநொடியே பின்னே ஓடிக் காக்க வேண்டும். மட்டையின் பின்புறத்தால் பந்தை ஆடலாகாது என்பது விதி. ஆகவே விரைந்தோடும்போது கால்களும் கைகளும் கண்களும் ஒருமித்து இயங்குதல் வேண்டும். நடுக்களத்தார் பந்தைத் தம்மிடமே வைத்துக்கொள்வதில்லை. பெறுவதும் கொடுப்பதுமே அவர்தம் தொழில்.

சலிமா 2001ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். பழங்குடி மக்கள் மிகுதியாக வாழும் மாவட்டம் அது. 1980ஆம் ஆண்டில் மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர் சென்னை வீரர் பாஸ்கரன். அவ்வணியில் ஆடிய சில்வானுஸ் டுங்டுங் சிம்டேகாவைச் சேர்ந்தவர். இங்ஙனம் அம்மாவட்டத்துக்கும் தமிழகத்துக்கும் ஹாக்கியால் ஏற்பட்ட உறவு பழமையானது. அங்கே சிறுவர் சிறுமியர் மூங்கிலை வளைத்து மட்டையாக்கி, மேடுபள்ளமான மண் தரையில் ஆடுவர். ஊர்ப் போட்டிகளில் வென்ற அணிக்கு ஆடோ கோழியோ பரிசாகக் கிடைக்கும்.

சலிமாவின் தந்தை உழவர். தாமும் ஹாக்கி ஆடியவர். மகளுக்கு முதல் ஆசிரியர் அவரே. தாயார் பள்ளியில் சமையற் பணி செய்தார். மூத்த சகோதரி பெங்களூருக்குச் சென்று வீட்டு வேலை செய்து, தம் உழைப்பின் பயனை வீட்டுக்கு அனுப்பினார். ஒருவர் பெற்றதை மற்றொருவருக்குக் கொடுத்து முன்னேறும் நடுக்கள ஆட்டத்தின் முறைமை அந்த வறிய வீட்டிலும் நிலவியது எனலாம்.

சிம்டேகாவில் உள்ள ஹாக்கிப் பயிற்சி விடுதியில் சேர்ந்து பயின்ற சலிமா, 2016ஆம் ஆண்டில் நாட்டின் அணியில் இடம்பெற்றார். 2018ஆம் ஆண்டில் அர்ஜென்டினாவின் புவெனோஸ் ஐரஸ் நகரில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில், ஐவர் ஆடும் ஹாக்கியில் இந்தியச் சிறுமியர்க்குத் தலைமை தாங்கி வெள்ளிப் பதக்கம் பெற்றுத் தந்தார்.

டோக்கியோ ஒலிம்பிக்கு 2021ஆம் ஆண்டில் நடந்தபோது சலிமாவுக்கு வயது பத்தொன்பது. இந்திய மகளிர் அணி காலிறுதியில் வலிமை மிக்க ஆஸ்திரேலியாவை ஒரு கோல் கணக்கில் வென்று உலகை வியப்பில் ஆழ்த்தியது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனுக்கு எதிராக இரண்டு கோல் பின்தங்கியிருந்தும், மும்முறை கோலடித்து முந்தியது. எனினும் இறுதியில் 3-4 என்று தோற்றது. மறு ஆண்டு பர்மிங்காம் நகரில் நடந்த காமன்வெல்த்துப் போட்டியில் வெண்கலத்துக்காக நியூசிலாந்தை எதிர்த்தபோது, இந்தியாவின் முதற் கோலைச் சலிமாவே அடித்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணி சமன் செய்தது. பின்னர் நடந்த தனிப்பந்து மோதலில் இந்தியா வென்று பதக்கம் பெற்றது.

இராஞ்சியில் 2023ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த இறுதியாட்டத்தில் இந்தியா ஜப்பானை 4-0 என்று வென்றது. அந்நான்கு கோல்களில் ஒன்றேனும் சலிமா அடித்ததன்று. ஆயினும் போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் அவரே எனத் தீர்ப்பாயிற்று. கோல் எண்ணிக்கையில் தோன்றாத உழைப்பையும் அறிந்தோர் மதிப்பர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வெற்றியின் மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. மூன்று திங்கள் முடிவதற்குள், 2024ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள், அதே நகரில் அதே ஜப்பானிடம் இந்தியா 0-1 எனத் தோற்றது. அத்தோல்வியால் பாரிசு ஒலிம்பிக்கில் ஆடும் வாய்ப்பு பறிபோயிற்று. தம் மாநிலத்து மக்கள் கண்முன்னே நேர்ந்த அத்தோல்வி எவரையும் சோர்வடையச் செய்யும். சலிமாவோ உழைப்பைக் கைவிட்டாரல்லர். அவ்வாண்டு மே திங்களில் அணித்தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நவம்பரில் பீகாரில் உள்ள இராஜ்கீரில் ஆசிய வாகையர் கோப்பைக்கான இறுதியாட்டம் நடந்தது. பாரிசில் வெள்ளி வென்ற சீன அணியை இந்தியா 1-0 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் சலிமாவுக்கு அருச்சுனா விருது வழங்கப்பெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் ஹாங்சோ நகரில் நடந்த ஆசியக் கோப்பை இறுதியில், சீனாவிடம் 1-4 என்று அவரது அணி தோற்று வெள்ளி பெற்றது. வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வருவதே விளையாட்டின் இயல்பு.

கோலடித்தவர் பெயர் செய்தித்தாளில் வரும். அக்கோலுக்குப் பந்தைக் கொண்டுவந்து சேர்த்தவரின் பெயர் பெரும்பாலும் வாராது. எனினும் சேர்ப்பவர் இன்றேல் அடிப்பவர் இல்லை. பள்ளியிலும் வீட்டிலும் நாட்டிலும் இத்தகைய நடுக்களப் பணியாளர் பலர் உளர். சமைத்துப் போட்ட தாயும், வேற்றூரில் உழைத்த சகோதரியும் அத்தகையோரே. அவர்களிடமிருந்து பெற்றதை நாட்டுக்குக் கொண்டு சேர்த்ததே சலிமா டெட்டேயின் சிறப்பு.